தீவில் வீட்டுச் சாமான் தட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலை நம்பிச் சரக்கு வரும் ஒரு சின்னத் தீவில் பல வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். இங்கே புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் கடலைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாவது மாதம் சோப்புத்தூளைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் என்னிடம் கேட்டவையும், ஒரு காலத்தில் நானே மற்றவர்களிடம் கேட்டவையும் கீழே இருக்கின்றன. சோப்பு, கிருமிநாசினி, காகிதம், பேட்டரி, கேஸ், உதிரிபாகம் போன்றவை மட்டும்தான் இங்கே பேச்சு. சாப்பாட்டுச் சாமான் தனிக் கதை.

கப்பல் ஒழுங்காகத்தான் வருகிறது. பிறகு ஏன் கடை அலமாரி காலியாகக் கிடக்கிறது?

கப்பல் வருவது வேறு, உங்கள் பொருள் அந்தக் கப்பலில் ஏறுவது வேறு. இடம் குறைவாக இருந்தால் கெட்டுப்போகிற சரக்கும் மருந்தும் எரிபொருளும் முதலில் ஏறும். தரை துடைக்கும் திரவம் அடுத்த நடைக்குத் தள்ளப்படும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. வீட்டுப் பொருட்களில் பல, சரக்குப் போக்குவரத்துக் கணக்கில் 'ஆபத்தான சரக்கு'. திரவ ப்ளீச், ப்ளீச்சிங் பவுடர், ஸ்ப்ரே டப்பாக்கள், தீப்பெட்டி, லைட்டர், தின்னர், லித்தியம் பேட்டரி எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இவற்றுக்குத் தனிப் பத்திரம், தனி இடம் வேண்டும். அமிலத்துக்குப் பக்கத்தில் ப்ளீச்சை அடுக்க முடியாது. அவசரத்துக்கு விமானத்தில் வரவழைக்கலாம் என்றால் அங்கே விதிகள் இன்னும் கறார். அதனால் இந்தப் பொருட்கள் முதலில் தீரும், கடைசியில் திரும்பும்.

மூன்றாவது, அளவு. கப்பல் வாடகையை எடை, கொள்ளளவு இரண்டில் எது அதிகமோ அதை வைத்துப் போடுவார்கள். ஒரு கன மீட்டர் இடத்தை ஒரு டன்னுக்குச் சமமாக எடுப்பது வழக்கம். டிஷ்யூ பேப்பரும் டயாப்பரும் பஞ்சு மாதிரி எடையில்லாமல் இடத்தை அடைக்கும். ஆனால் வாடகை டன் கணக்கில் வரும். கடைக்காரர் கொஞ்சமாக வரவழைப்பது கஞ்சத்தனம் இல்லை.

இதற்கெல்லாம் மேலே வானிலை, பழுது, விபத்து. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று குறுக்கே சிக்கியது. ஆறு நாள்தான் அடைப்பு. ஆனால் அதன் தாமதம் பல துறைமுகங்களில் வாரக்கணக்கில் நீண்டது. பெரிய துறைமுகத்துக்கே அந்தக் கதி என்றால், அங்கிருந்து சின்னக் கப்பலில் மாற்றி ஏற்றப்படும் நம் சரக்கு கடைசி வரிசையில்தான் நிற்கும்.

அப்படியானால் எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும்?

பொருளை எண்ணாதீர்கள், நாளை எண்ணுங்கள். என் வீட்டில் ஒரு மார்க்கர் பேனா சமையலறை ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது. எந்தப் பாட்டிலைத் திறந்தாலும், எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அன்றைய தேதி அதன் மேலேயே எழுதப்படும். காலியானதும் தேதியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பற்பசை 5 வாரம், துணி சோப்பு 9 நாள், பாத்திரம் கழுவும் திரவம் 3 வாரம் என்று உங்கள் வீட்டுக்கே உரிய கணக்கு மூன்று மாதத்தில் கையில் இருக்கும். அதுவரை நீங்கள் போடும் கணக்கெல்லாம் ஊகம்தான். நான் மாதம் ஒரு பாட்டில் ஷாம்பு ஆகிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் இரண்டரை மாதம் வந்தது.

அடுத்தது கப்பல் கணக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரக்கு வருகிறது என்றால், ஒரு நடை தவறினால் இடைவெளி நான்கு வாரம். வந்த நடையிலும் உங்கள் பொருள் இல்லையென்றால் ஆறு வாரம். ஆக, சாதாரண நாட்களில் ஆறு வாரத்துக்கான கையிருப்பு போதும். ஐந்து வாரம் வருகிற பற்பசைக்குத் திறந்தது ஒன்று, திறக்காதது இரண்டு இருந்தால் எந்த நாளில் கணக்கெடுத்தாலும் ஆறு வாரம் தாண்டும். கடைசிக்கு முந்தையதைப் பிரிக்கும் அன்றே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும். கடல் கொந்தளிக்கும் பருவத்துக்கு முன் மட்டும் இதை இரட்டிப்பாக்குங்கள். எந்த மாதங்களில் கப்பல் அடிக்கடி நிற்கும் என்பது தீவில் பத்து வருடம் இருந்த எவருக்கும் தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

முன்கூட்டியே நிறைய வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லையே?

உங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்கு?

நாற்பது வீடுள்ள ஊர், கடைக்கு 48 பாக்கெட் சோப்புத்தூள் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒன்று கொடுத்தாலும் எட்டு மிஞ்சும். இதில் எட்டே எட்டு வீடு ஆளுக்கு மூன்று எடுத்தால் 24 போய்விடும். மீதி 24 பாக்கெட்டுக்கு 32 வீடு. அன்று மாலையே 'சோப்புத்தூள் இல்லையாம்' என்று பேச்சு பரவும். அடுத்த கப்பலில் வந்ததும் எல்லாரும் மூன்று மூன்றாக எடுப்பார்கள். பெரிய ஊரில் இது செய்தியில் படிக்கிற விஷயம். தீவில் யார் மூன்று எடுத்தார்கள் என்பது கல்லாவிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

நிறைய வாங்குவது தப்பில்லை, எப்போது வாங்குகிறீர்கள் என்பதுதான் விஷயம். அலமாரி நிறைந்திருக்கும் மாதத்தில், நடைக்கு ஒன்று கூடுதலாக வாங்கிச் சேர்த்தால் யாருக்கும் குறையாது. தட்டுப்பாடு தொடங்கிய பிறகு அள்ளுவதுதான் பதுக்கல்.

எதெல்லாம் கட்டாயம் வேண்டும்? கடையில் பார்த்தால் ஐம்பது வகைத் திரவம் இருக்கிறதே.

அந்த ஐம்பதில் பெரும்பாலானவற்றின் பெரும்பகுதி தண்ணீர். கடல் கடந்து தண்ணீரைத்தான் வரவழைக்கிறோம். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் அலமாரி பாதியாகச் சுருங்கியது. நான் எப்போதும் தீரவிடாதவை இவ்வளவுதான்: கட்டி சோப்பு, சலவைச் சோடா, சமையல் சோடா, சிட்ரிக் அமிலம், ப்ளீச்.

கட்டி சோப்பு கைக்கும் உடலுக்கும் துணிக்கும் ஆகும். அவசரத்துக்குப் பாத்திரத்துக்கும் ஆகும். சலவைச் சோடா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், கடினமான தண்ணீரை மென்மையாக்கும். சமையல் சோடா நாற்றத்தைக் குறைக்கும், கீறாமல் தேய்த்துக் கழுவ உதவும். சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு என்றும் சொல்வார்கள்) கெட்டிலிலும் குழாயிலும் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைக் கரைக்கும். இதற்கு வினிகரும் உதவும்தான். ஆனால் வினிகர் பாட்டிலில் ஏறக்குறைய 95 பங்கு தண்ணீர். ஒரு கிலோ சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்தால் 20 லிட்டர் கிடைக்கும். எது இடத்தை அடைக்காது என்று நீங்களே பாருங்கள். பளிங்குத் தரையில் மட்டும் இரண்டையும் ஊற்றாதீர்கள், கல்லை அரித்துவிடும்.

ஐந்தாவதான ப்ளீச், கிருமியைக் கொல்ல. இந்த வேலையை மற்ற நான்கும் செய்யாது. வினிகரால் துடைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பி, நோய் வந்த வீட்டில் ப்ளீச்சுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இன்னொன்று: சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து 'இயற்கைக் கிளீனர்' செய்யும் குறிப்பு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. நுரை பொங்குவது பார்க்க அழகு. பொங்கி முடிந்ததும் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிட்டு, உப்புக் கரைந்த தண்ணீர்தான் மிஞ்சும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு பொருளை ஒரே நேரத்தில் வீணாக்க இதைவிட நல்ல வழி இல்லை. முதலில் ஒன்று, கழுவிய பிறகு மற்றது என்று பயன்படுத்துங்கள்.

சலவைச் சோடா எங்கள் தீவில் கிடைப்பதே இல்லை.

சமையல் சோடா கிடைத்தால் செய்துகொள்ளலாம். அகலமான கண்ணாடி அல்லது எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறுங்கள். சூட்டில் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவைச் சோடா மிஞ்சும். முடிந்ததா என்று தராசு சொல்லும்: 100 கிராம் போட்டால் சுமார் 63 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். 80-இல் நின்றால் இன்னும் கொஞ்ச நேரம். அலுமினியத் தட்டு வேண்டாம். சோடா அதை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் சோடாவைவிட இது காரம் அதிகம். டப்பா மேல் பெயரை எழுதுங்கள்; இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைத் தூள், சலவைச் சோடாவை வாயில் வைக்கக் கூடாது.

சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது. கட்டி சோப்பை வைத்துத் துவைக்கலாமா?

துவைக்கலாம். சோப்பைத் துருவி, வெந்நீரில் கரைத்து, சலவைச் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சோப்பும் சோப்புத்தூளும் ஒரே சாமான் இல்லை. தீவுக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமாக இருக்கும், சிலவற்றில் லேசாக உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாகத் துணியில் ஒட்டும். நாலு தடவை துவைத்த பிறகு வெள்ளைத் துணி சாம்பல் நிறத்துக்குப் போவதும், துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்குவதும் அதனால்தான். சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் கலந்துவிட்டு அப்புறம் சோப்பைப் போட்டால் இது கணிசமாகக் குறையும். மழைநீர் இருந்தால் கேள்வியே இல்லை.

சலவை மெஷினில் இந்தக் கலவையைத் தொடர்ந்து போடாதீர்கள், உள்ளே கசடு கட்டும். கையால் துவைக்கிற துணிக்கு இது, மெஷினுக்கு மிச்சமிருக்கும் தூள் என்று பிரித்துக்கொள்ளலாம். மிச்சத் தூளின் அளவையும் பாதியாக்கிப் பாருங்கள். பாதியிலேயே துணி வெளுத்துவிட்டால் இத்தனை நாள் எவ்வளவு வீணாக்கியிருக்கிறோம் என்று கோபம்தான் வரும்.

கடல் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா?

சாதாரண சோப்பு நுரைக்காது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு ஓரளவு நுரைக்கும். மாலுமிகள் பயன்படுத்திய சோப்பு அந்த வகைதான். குளித்த பிறகு ஒரு குவளை நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளாவிட்டால் உப்பு அரிக்கும்.

மிச்சமிருக்கிற இரண்டு மூன்று கிளீனரை ஒன்றாகக் கலந்து சமாளிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ப்ளீச்சோடு அமிலம் எதுவும் சேரக் கூடாது. வினிகர், சிட்ரிக் அமிலம், டாய்லெட் கழுவும் அமிலம் எதுவானாலும் குளோரின் வாயு கிளம்பும். ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. தேங்கிய சிறுநீரிலும் இருக்கிறது. ப்ளீச்சும் ஆல்கஹாலும் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் வினிகரும் ஒரே பாட்டிலில் கூடாது. ஒரு அடைப்பு நீக்கி வேலை செய்யவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு வகையை ஊற்றவும் கூடாது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த விபத்து நடக்க ஒரு காரணம் உண்டு. பாட்டிலின் அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம், வேறொன்றின் அடியிலும் அதே அளவு. 'சேர்த்து வைத்தால் ஒரு தடவைக்கு ஆகும்' என்று கை தானாகப் போகும். எனக்கும் போயிருக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ப்ளீச் மிச்சமிருந்த பக்கெட்டில் சுண்ணாம்புக் கறை நீக்கியை ஊற்றினேன். நீச்சல் குள நெடியைப் பத்து மடங்காக்கினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒன்று தொண்டையைப் பிடித்தது. கதவைத் திறந்து வெளியே ஓடியதால் இருமலோடு போயிற்று. அப்படி நேர்ந்தால் எதையும் துடைக்க, கொட்ட நிற்காதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சு சரியாகவில்லை என்றால் மருத்துவ உதவி தேடுங்கள். தீவில் ஆம்புலன்ஸ் என்பது சில சமயம் படகு என்பதையும் மனதில் வையுங்கள்.

குளிர்பான பாட்டிலில் ப்ளீச் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் இன்றே விட்டுவிடுங்கள்.

பழைய ப்ளீச் வேலை செய்யுமா?

திரவ ப்ளீச்சுக்கு ஆயுள் குறைவு. நன்றாக வைத்திருந்தால் ஆறு மாதம் வரை வீரியம் நிற்கும். அதற்குமேல் மெல்ல இறங்கும். வெயிலும் வெப்பமும் பட்டால் வேகமாக இறங்கும். தயாரான இடத்திலிருந்து நம் கரைக்கு வருவதற்கே சில மாதம் ஆகியிருக்கலாம் என்பதால் வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். இதைப் பத்துப் பாட்டில் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

தரை, மேசை போன்றவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி (நாலு டீஸ்பூன்) வீட்டு ப்ளீச் போதும். முதலில் சோப்பால் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு இதைத் தடவி, குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாக விடுங்கள். கரைசலை அன்றன்றே கலக்குங்கள்.

குடிதண்ணீருக்கு வழி இல்லாத நிலைமையில் கொதிக்க வைப்பதுதான் முதல் வழி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். எரிபொருளும் இல்லையென்றால், வாசனை சேர்க்காத 5 முதல் 9 சதவீத ப்ளீச்சில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் வையுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிவிட்டு நான்கு சொட்டு. இது கிருமிக்கு மட்டும். உப்புத் தண்ணீரையோ டீசல் கலந்த தண்ணீரையோ இதனால் குடிநீராக்க முடியாது.

டிஷ்யூ, நாப்கின், டயாப்பர் வரவில்லை. என்ன செய்வது?

இந்த மூன்றும் ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிகிற, இடத்தை அடைக்கிற பொருட்கள். தட்டுப்பாடு திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் சமாளிப்பதைவிட, இவற்றை நம்பாத ஏற்பாட்டுக்கு ஒருமுறை மாறிவிடுவது மேல்.

கழிவறைக் காகிதத்துக்குத் தண்ணீர்தான் மாற்று. ஒரு கைத்தெளிப்பான் அல்லது குவளை, துடைக்க ஆளுக்கொரு துணி. செய்தித்தாளையும் ஈர டிஷ்யூவையும் கழிவறைக்குள் போடாதீர்கள். அவை கரையாது, அடைத்துக்கொண்டால் கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் வண்டியும் கப்பலில்தான் வர வேண்டியிருக்கும்.

மாதவிடாய்க்கு, மாதவிடாய்க் கப் ஒன்று ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருடம் வரை வரும். ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டெடுக்கத் தண்ணீரும் அடுப்பும் போதும். எல்லாருக்கும் ஒத்துவராது, பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகையால் நாப்கின் கையில் இருக்கும்போதே பழகுங்கள். துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினும் நல்ல ஏற்பாடு, வெயிலில் நன்றாகக் காய வேண்டும்.

துணி டயாப்பரில் ஒரு சிக்கல்: தண்ணீர். குடத்துக்கு வரிசையில் நிற்கும் கோடையில் தினமும் பன்னிரண்டு துணி அலசுவது சாதாரணக் காரியமில்லை. பகலில் துணி, இரவுக்கும் பயணத்துக்கும் கடை டயாப்பர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டு மூன்று நான்கு மடங்கு நாள் வரும்.

வாங்கி வைத்ததெல்லாம் உப்புக் காற்றில் கெட்டுப்போகிறது. எப்படிப் பாதுகாப்பது?

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தட்டுப்பாட்டில் போவதைவிட அலமாரியிலேயே அதிகம் போகிறது.

கடல் காற்றில் வரும் நுண்ணிய உப்பு எல்லாவற்றின் மேலும் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆக, காய்ந்த மாதிரி தெரியும் தகரத்தின் மேல் உண்மையில் உப்புத் தண்ணீர்ப் படலம் இருக்கிறது. இரும்பு நார் இரண்டு நாளில் சிவக்கும். ஸ்ப்ரே டப்பாவின் அடி விளிம்பு துருப்பிடித்து அலமாரியில் வட்ட முத்திரை குத்தும். ஒருநாள் அது ஓட்டையாகி உள்ளிருப்பது கசியும். தகர டப்பா எதையும் நேரே பலகை மேல் வைக்காமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

தூள் வகை எல்லாவற்றையும் ரப்பர் வளையம் வைத்த திருகுமூடி ஜாடிக்கு மாற்றுங்கள். ஒரு மழைக்காலத்தில் நான் அட்டைப்பெட்டியோடு விட்ட சோப்புத்தூள் செங்கல்லாக இறுகிவிட்டது. பெட்டியைக் கிழித்தால் அதன் எழுத்துகூட அச்சாகப் பதிந்திருந்தது. எறியவில்லை. சுத்தியலால் உடைத்து, வெந்நீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றித் திரவ சோப்பாகப் பயன்படுத்தினோம். கட்டியானது கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. தண்ணீரில் கரையும் உறைக்குள் வரும் சலவைக் குளிகைகள் மட்டும் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்கவே முடியாமல் போகும். தீவுக்கு அவை தோதில்லை.

ப்ளீச்சையும் ப்ளீச்சிங் பவுடரையும் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அவற்றின் ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தைத் தின்னும்.

பேட்டரியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். வெளியே எடுக்கும்போது வியர்த்துத் துருப்பிடிக்கும். காய்ந்த பெட்டியில், அறை வெப்பத்தில், கருவிகளிலிருந்து கழற்றி வையுங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரி இப்படியே 5 முதல் 10 வருடம் தாங்கும்.

உண்மையில் ரீசார்ஜ் பேட்டரிக்கு மாறினால் இந்தக் கவலையே பாதி போய்விடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில், சார்ஜ் மெல்ல இறங்கும் மாதிரிகளாகப் பார்த்து எட்டு வாங்கினால் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். சூரியத் தகடோடு இணைக்கும் சின்ன சார்ஜர் ஒன்றும் இருந்தால் மின்சாரம் போன வாரத்திலும் டார்ச் எரியும். கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பூப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்தால் பல கருவிகள் பிழைத்துக்கொள்ளும்.

பவர் பேங்க் வாங்கிக்கொண்டு விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுவரலாம். பவர் பேங்கின் மேல் எழுதியிருக்கும் 27,000 எம்ஏஎச் ஏறக்குறைய அந்த எல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெட்டியில் போட்டு லக்கேஜாக ஏற்றக் கூடாது. விமான நிறுவனங்கள் கூடுதல் விதி வைத்திருக்கும், கிளம்புவதற்கு முன் பாருங்கள்.

கேஸ் சிலிண்டர் தாமதமானால்?

இரண்டாவது சிலிண்டரும், வேறு எரிபொருளில் ஓடும் ஒரு அடுப்பும் வேண்டும். மின்சார அடுப்பானாலும் சரி. கரி அடுப்பை மட்டும் ஒருபோதும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. சிலிண்டர் மாற்றும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. உப்புக் காற்றில் ரெகுலேட்டரும் குழாயும் சீக்கிரம் கெடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே வேண்டாம்.

எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் எதை மறந்திருப்பேன்?

வாஷரை. விரல் நுனி அளவு ரப்பர் வளையம்.

சொட்டும் குழாயை நிறுத்த அது ஒன்று போதும். அது இல்லையென்றால் மூன்று வாரம் பக்கெட் வைத்துப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு தடவை, ராத்திரி முழுக்க டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பஞ்சரான சைக்கிள் டியூபிலிருந்து கத்தரித்து, பழைய வாஷரை அச்சாக வைத்து வெட்டி, இரண்டு அடுக்காகப் போட்டேன். கப்பல் வரும்வரை தாங்கியது. அதன் பிறகு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் (ஆமாம், உள்ளே பிளாஸ்டிக் உறையோடு) இவையெல்லாம் சேர்ந்தன: குழாய் வாஷர்கள், சீல் டேப், ஃப்யூஸ், குக்கர் கேஸ்கெட், சேஃப்டி வால்வு, கேஸ் குழாய் கிளிப், ஃப்ளஷ் தொட்டியின் ரப்பர், தண்ணீர் வடிகட்டியின் உள்ளீடு, ஊசி நூல், மூக்குக் கண்ணாடியின் குட்டித் திருகு. ஒரு கையால் தூக்கிவிடலாம். கண்ணாடிக்கு உபரி ஜோடியும் வாங்கி வையுங்கள்.

வாங்கும் கருவிகளிலும் இதைப் பாருங்கள். வடிகட்டி, சவரக் கத்தி, பிரிண்டர் மை என்று ஒரே நிறுவனத்தின் உதிரி மட்டும் பொருந்தும் கருவி தீவில் சீக்கிரமே அலங்காரப் பொருளாகிவிடும். எல்லா இடத்திலும் கிடைக்கும் பொது அளவில் உதிரி ஏற்கும் கருவி கொஞ்சம் அழகு குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

காலாவதித் தேதி தாண்டியதைப் பயன்படுத்தலாமா?

பொருளைப் பொறுத்தது. சோப்பு, சலவைச் சோடா, சிட்ரிக் அமிலம், வினிகர் போன்றவை ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. சமையல் சோடாவில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்கினால் உயிர் இருக்கிறது. ப்ளீச், திறந்த ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயிலுக்குப் பூசும் கிரீம் ஆகியவை தேதி தாண்டினால் நம்பக் கூடாது. மருந்து விஷயத்தில் நானோ இந்தப் பக்கமோ சொல்வதைக் கேட்காதீர்கள். தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால், கொந்தளிப்புப் பருவத்துக்கு முன்பே கூடுதல் நாட்களுக்கு எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைக்காரரிடம் கேட்டால் 'இல்லை' என்ற ஒற்றை வார்த்தைதான் வருகிறது.

அதற்காகக் கேட்காமல் திரும்பிவிடாதீர்கள். பெரும்பாலான கடைகளில் போன மாதம் விற்றதைப் பார்த்துத்தான் அடுத்த சரக்குக்கு எழுதுகிறார்கள். மூன்றாம் தேதியே தீர்ந்துபோன பொருள், கணக்கில் 'குறைவாக விற்றது' என்று நிற்கும். வந்து பார்த்து, இல்லை என்று திரும்பிய முப்பது பேரின் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. அடுத்த தடவையும் அதே அளவுதான் வரும். நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் அந்தக் கணக்கு ஏறும்.

ஒரு தாளில் பெயர், அளவு, எப்போதுக்குள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குறிப்பிட்ட பிராண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 'வாசனையில்லாத துணி சோப்பு, எதுவானாலும்' என்று எழுதினால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். சொல்லி வரவழைத்த பொருளை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை உங்கள் தாள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் வரவழைப்பது சுலபமில்லையா?

சில பொருளுக்குச் சுலபம். ஆனால் 'இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது' என்பதும், கூடுதல் கட்டணமும் தீவுவாசிக்குப் பழகிப்போன விஷயங்கள். விமானத்தில் வரும் பார்சலில் பெட்டியின் கொள்ளளவை எடையாக மாற்றுவார்கள். 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாக எடுப்பது பரவலான கணக்கு. 40க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி, உள்ளே பஞ்சு இருந்தாலும் 6 கிலோ. அதனால் சின்னது, கனமானது, திரவமில்லாதது ஆகியவற்றை இணையத்தில் எடுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் கட்டணம் பங்காகும். யார் வீட்டில் பெட்டியைப் பிரிப்பது என்பதில்தான் கொஞ்சம் சச்சரவு வரும்.

கப்பல் வந்துவிட்டது. முதலில் எதை வாங்குவது?

நான் முதல் நாள் போவதில்லை, கையிருப்பு ஒரு வாரத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒழிய. சரக்கு இறங்கிய அன்று கடையில் பெட்டிகள் பாதி பிரிக்காமல் கிடக்கும். கண்ணில் பட்டதைத்தான் அள்ளுவோம். மறுநாள் காலையில் அலமாரி அடுக்கியிருப்பார்கள். போவதற்கு முன் வீட்டில் மார்க்கரில் எழுதிய தேதிகளை ஒருமுறை பாருங்கள். எது முதலில் தீருமோ அது பட்டியலில் மேலே. அப்புறம் ப்ளீச், தீப்பெட்டி, ஸ்ப்ரே போல எது அடுத்த கப்பலில் வராமல் போகலாமோ அது. டிஷ்யூ கடைசியில். கையில் ஒரு பை போதும், இரண்டு எடுத்துப்போனால் இரண்டும் நிறைந்துவிடுகிறது.